எழுநூறில் ஒருத்தி

சனிக்கிழமை, காலை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். உன் உடம்பும் வேலையும் நல்லபடியாக இருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் கப்பல் கம்பெனி ஆபீசுக்குப் போய், அங்கிருந்து உன் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ அங்கே வந்து சேர மூன்று வாரமாவது ஆகும். போனில் பேசலாம்தான். ஆனால் நான்கு நிமிடத்தில் கட்டாகிவிடுகிறது. அதில் முதல் நிமிடம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடுகிறது. எனக்கு எழுதினால்தான் சொல்ல வரும். ஆஸ்பத்திரிப் பதிவேட்டு அறையில் இருபத்தாறு வருடம் பேனாவோடு குப்பை கொட்டியவனுக்கு வேறு என்ன வரும்?

உன் மகளுக்கு இன்றோடு பதினெட்டு நாள். என் தங்கை, உன் அத்தை, அவளைப் பொட்டலம் என்று கூப்பிடுகிறாள். துணியில் சுற்றிச் சுற்றி வைத்ததில் மூக்கு நுனி மட்டும்தான் வெளியே தெரியும். முதலில் அது வெறும் செல்லப்பெயர் என்றுதான் நினைத்தேன். பிறகு கவனித்தேன், யாராவது பார்க்க வந்தால் அந்த மூக்கு நுனியும் துணிக்குள் போய்விடுகிறது.

அத்தை உனக்கு அனுப்பிய போட்டோவில் குழந்தையின் வலக்கன்னம் மட்டும் இருக்கும். போனில் அரைகுறையாகக் கேட்டிருப்பாய், இடப்பக்கத்தை நான் எழுதிவிடுகிறேன். மேலுதடு இடப்பக்கம் சேராமல் மூக்குத் துவாரம் வரை திறந்திருக்கிறது. வாய்க்குள் மேலண்ணமும் நடுவில் சேரவில்லை. கண் இரண்டும் உன் கண். அழுகை மட்டும் யாருடையது என்று தெரியவில்லை, மூன்றாவது வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார். மற்றபடி பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டர்கள் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

பால் குடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அண்ணம் திறந்திருப்பதால் அவளால் உறிஞ்ச முடியாது. முதல் வாரத்தில் இரண்டு கிலோ எழுநூறிலிருந்து முந்நூறு கிராம் இறங்கிவிட்டாள். உன் மனைவி பாலை எடுத்து, அழுத்தினால் அமுங்குகிற மெத்தென்ற பாட்டிலில் ஊற்றி, குழந்தையை நிமிர்த்தி உட்கார்த்தி, அது விழுங்குகிற நேரம் பார்த்து ஒரு அழுத்து, நிறுத்தம், மறுபடி ஒரு அழுத்து என்று ஊட்டுகிறாள். தாளம் தப்பினால் பால் மூக்கு வழியாக வந்துவிடும். ஒரு தடவை ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம். முடித்துத் தோளில் போட்டுத் தட்டி இறக்கினால் அடுத்த பசி தயாராக நிற்கும். நர்ஸ் ஒருமுறைதான் காட்டினார். மூன்றாம் நாள் அதே நர்ஸ் நின்று இவள் ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று எடை இரண்டு கிலோ எண்ணூறு. தராசு முள்ளைப் பார்த்ததும் இவள் சிரித்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரித்து நேற்றுத்தான் பார்த்தேன்.

இனி நான் எழுத வேண்டிய விஷயம்.

குழந்தை பிறந்த ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நீ கூப்பிட்டாய். அவள் இரண்டு கையிலும் குழந்தை இருந்ததால் போனை மேஜைமேல் ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். நானும் அத்தையும் அதே அறையில்தான் இருந்தோம். நீ அவளிடம் கேட்டாய்: "வயித்துல புள்ள இருக்கு, கத்திரி புடிக்காதன்னு அஞ்சாம் மாசமே சொன்னேனே, கேட்டியா நீ?"

அதோடு லைன் கட்டாகிவிட்டது.

அவள் பாட்டிலை முடித்துவிட்டு எழுந்து போய், தன் பெரிய கத்திரிக்கோலை ஒரு பழந்துணியில் சுற்றி பீரோ மேலே தூக்கி வைத்தாள். நாற்பது பேர் தைக்கிற யூனிபார்ம் கடையில், ஒரே அடியில் முப்பது மடிப்புத் துணியை வெட்டுகிற ஒரே பெண் கட்டிங் மாஸ்டர் அவள். அதைச் சொல்லித்தானே உனக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து நான் ஒரு வாரம் பெருமை அடித்துக்கொண்டேன்.

கத்திரி பிடித்தால் பிள்ளையின் உதடு பிளந்துவிடும் என்ற பேச்சை உன் காதில் போட்டது அத்தை என்று எனக்குத் தெரியும். அதைவிடப் பெரிய தப்பு என்னுடையது. அன்று அந்த அறையில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த துண்டையே திரும்ப மடித்தேன். இதை உனக்கு எழுத எனக்குப் பதிமூன்று நாள் ஆகியிருக்கிறது.

போன ஞாயிறு உன்னிடமிருந்து போன் வரவில்லை. கடலில் லைன் கிடைத்திருக்காது என்று நானே அவளிடம் சொல்லிவைத்தேன். அடுத்தமுறை கூப்பிடும்போது குழந்தை எத்தனை மில்லி குடிக்கிறது என்று கேள். அவளுக்கு அந்தக் கணக்கு விரல்நுனியில் இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை.

எஞ்சின் ரூம் சூட்டில் தண்ணீர் நிறையக் குடி.

உன் நலம் விரும்பும்
அப்பா


திங்கட்கிழமை, பதிவேட்டு அறை, மதிய இடைவேளை

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வந்தது. எனக்குத்தான் எழுதியிருந்தாய். அவளுக்கென்று தனியாக ஒரு தாள் இருக்குமோ என்று உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன். உன் கையெழுத்து முன்னைவிடத் திருந்தியிருக்கிறது என்பது தவிர அதில் எனக்குச் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை.

நீ எழுதியிருந்தாய், நம் குடும்பத்தில் யாருக்குமே இல்லாதது, லட்சத்தில் ஒருத்தருக்கு வருவது, நமக்கு ஏன் வந்தது, ஏதோ ஒரு காரணம் இல்லாமலா என்று. அந்த 'லட்சத்தில் ஒருத்தர்' என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. லட்சம் என்று யார் எண்ணினார்கள்? எண்ணுகிற வேலை பார்ப்பவன் நான். என்னிடமே ஒருவன் எண்ணாமல் ஒரு தொகை சொல்கிறான், அதுவும் என் மகன்.

என் வேலை என்னவென்று உனக்கு முழுதாகத் தெரியாது. பிரசவ வார்டு நர்ஸ்கள் அவர்கள் புத்தகத்தில் எழுதுவதை நான் பெரிய பதிவேட்டில் ஏற்றுகிறேன். தேதி, நேரம், ஆணா பெண்ணா, எடை, தாய் வயது, தகப்பன் தொழில். கடைசியில் குறிப்பு என்று ஒரு சிறிய கட்டம். அதில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. எப்போதாவது ஏதாவது வரும். உதட்டுப் பிளவு என்று வந்தால் 'உ.பி.' என்று இரண்டெழுத்து எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். அந்த இரண்டெழுத்துக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கும், பாட்டில் இருக்கும், பேசாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண் இருப்பாள் என்று இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் தோன்றியதில்லை. நம் பொட்டலத்தின் வரி என் மேஜைக்கு வந்த அன்று பேனா நகரவில்லை. 'இடப்பக்க மேலுதட்டுப் பிளவு, மேலண்ணப் பிளவு' என்று முழுதாக எழுதினேன். கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் பெரிய டாக்டரிடம் எழுத்தில் அனுமதி கேட்டு வாங்கினேன். பெயர் எதையும் குறிக்கக் கூடாது, எண்ணிக்கை மட்டும் என்றார். ஆறு வருடப் பதிவேடுகளை இறக்கினேன். மதியச் சாப்பாட்டை இருபது நிமிடத்தில் முடித்துக்கொண்டு மீதி நேரமெல்லாம் அந்தக் கடைசிக் கட்டத்தையே வரிவரியாகப் பார்த்தேன். பதினேழு வேலைநாள் பிடித்தது. சந்தேகம் வந்து இரண்டு வருடத்தை மறுபடியும் எண்ணினேன். மொத்தப் பிரசவம் பதின்மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. அதில் உதடோ அண்ணமோ பிளந்து பிறந்தவர்கள் பதினெட்டுப் பேர். வகுத்துப் பார், எழுநூற்று நாற்பத்தைந்துக்கு ஒன்று வரும்.

இந்தத் தாளை ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரம்மாவிடம் காட்டினேன். சின்ன டாக்டர் என்று எல்லோரும் சொல்வார்கள், உருவம் அப்படி. ஆனால் நடந்து வந்தால் வராந்தாவில் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். அவர் சிரித்துவிட்டார். உலகம் பூராவும் எண்ணினாலும் ஏறக்குறைய எழுநூறு குழந்தைக்கு ஒன்று என்றுதான் வரும், உங்கள் கணக்கில் கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். உதடு சரியாக இருந்து அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் வெளியே தெரியாதாம். டார்ச் அடித்துப் பார்க்காவிட்டால் அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். பிறகு பால் இறங்காமல் எங்கோ அலைவார்களாம்.

இன்னொன்றும் சொன்னார், அதை நீ நிதானமாகப் படி. உதடு ஒட்டுவது கர்ப்பத்தின் ஆறாவது ஏழாவது வாரத்திலேயே முடிந்துவிடுகிறது. அண்ணம் அதற்குச் சில வாரம் கழித்து. நீ கத்திரியை விடச் சொன்னது ஐந்தாம் மாதம். அப்போது உன் மகளின் முகம் எழுதி முடித்தாகிவிட்டது. ஏன் இப்படி ஆகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம் என்று ஒன்றைக் கை காட்ட முடியாது, நிச்சயமாகக் கத்திரி இல்லை என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன் மனைவியிடம் இந்தத் தொகைகளைப் படித்துக் காட்டினேன். அவள் பாட்டிலை இறக்காமலே கேட்டாள், "அந்தப் பதினெட்டு அம்மாவும் கத்திரி புடிச்சவங்களா மாமா?"

பதிவேட்டில் தகப்பன் தொழிலுக்குத்தான் கட்டம் இருக்கிறது, தாய் தொழிலுக்கு இல்லை. நம் வரியில் உன் தொழிலை நான்தான் எழுதியிருக்கிறேன், கப்பல் ஃபிட்டர் என்று. நீ ஸ்பானர் பிடித்ததால் இப்படி ஆயிற்றா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதையும் உனக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அவள் என்னைப்போல் ஏட்டைப் புரட்டுகிறவள் இல்லை. மறுநாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டாள். அத்தை வாசல்வரை ஓடிப்போய் முகத்தை மூடு, முகத்தை மூடு என்றாள். "மூச்சு முட்டும் அத்தை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். எனக்கு அன்று மதியத்துக்குமேல்தான் வேலை, துணைக்குப் போனேன். பஸ்ஸில் நல்ல கூட்டம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு, என்னம்மா இது வாயில என்று கேட்டாள். முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் திரும்பினார்கள். இவள் பஸ் டிக்கெட் கேட்டதுபோல் பதில் சொன்னாள்: "உதடு சேரல. எழுநூறு பேருக்கு ஒருத்தருக்கு அப்படித்தான் பொறக்கும். அஞ்சு கிலோ ஆனதும் தச்சிருவாங்க. நீங்க கொஞ்சம் தள்ளி உக்காந்தா புள்ள கால நீட்டும்."

அந்தப் பெண் தள்ளி உட்கார்ந்தாள். இறங்கும்வரை குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கடையில் நூல் வெட்டுகிறவர்கள், தைக்கிறவர்கள், பட்டன் கட்டுகிறவர்கள் என்று நாற்பத்தொரு பெண்கள். இவள் கட்டிங் மேஜை ஓரமாக நின்று ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். உனக்கு எத்தனை பிள்ளை, வயிற்றில் இருந்தபோது வேலைக்கு வந்தாயா, கத்திரி பிடித்தாயா. துணியில் கோடு போடுகிற சாக்பீஸால் மேஜையிலேயே எழுதிக்கொண்டே போனாள். அறுபத்துமூன்று பிள்ளைகள் தேறின. ஒன்றுக்கும் உதடு பிளக்கவில்லை. பட்டன் அக்கா என்று ஒருத்தி, எட்டு மாதம்வரை மிஷினைவிட்டு எழுந்திருக்காதவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கத்திரியால வர்றதா இருந்தா எங்க புள்ளைங்க எல்லாம் துண்டு துண்டாத்தான் பொறந்திருக்கணும்" என்றாள். கடையே சிரித்தது. இவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதுவிட்டாள். பட்டன் அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டு போய் எல்லா மிஷினையும் சுற்றிக் காட்டினாள்.

நான் பிறகு டாக்டரிடம் இதையும் சொன்னேன். அந்த அறுபத்துமூன்றில் ஒன்றுக்கு இருந்திருந்தாலும் கத்திரி காரணமாகிவிடாது, இதை உங்கள் மருமகளிடம் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். அது எனக்கும் தெரியும் மாமா, எண்ணிப் பார்த்ததில் மனசு லேசாச்சு, அதற்குத்தான் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நாற்காலியைப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்து கத்திரியை இறக்கினாள். கடையில் மிச்சமான பஞ்சும் துணியும் கொண்டுவந்திருந்தாள். ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் சரிந்த ஒரு திண்டு தைத்தாள். அதில் சாய்த்தால் பொட்டலம் நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறாள். பால் மூக்கில் ஏறுவதே இல்லை. ஒரு மணி நேரம் ஆனது இப்போது முப்பத்தைந்து நிமிடம். நேற்றைய எடை நான்கு கிலோ நானூறு. இன்னும் அறுநூறு கிராம் ஏறினால் ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்பார்கள்.

உன் அத்தையைப் பற்றியும் எழுத வேண்டும். நான் தொகைகளைப் படித்தபோது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டுக்காரி வந்து, கத்திரி புடிச்ச கை என்று ஆரம்பித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை எழுந்துவிட்டாள். "எங்க பொட்டலம் எழுநூறுல ஒருத்தி, தெரியுமா உனக்கு?" என்றாள். ஏதோ பந்தயத்தில் முதலாவதாக வந்ததுபோல அவ்வளவு மிதப்பு. எதிர்வீட்டுக்காரி என்ன புரிந்துகொண்டாளோ, வாழ்த்திவிட்டுப் போனாள்.

நீ போனில் அவளோடு பேச வேண்டியதை நான் எழுதித்தரப் போவதில்லை. உன் சொற்களை நீதான் தேட வேண்டும்.

உன் நலம் விரும்பும்
அப்பா


வியாழக்கிழமை, மாலை

அன்பு மகனுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. போனில் சொன்னோம், ஆனாலும் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

பதினைந்து நாள் ஆகிறது. காலை எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கதவுவரை உன் மனைவிதான் தூக்கிக்கொண்டு போனாள். மயக்கம் கொடுக்கிற டாக்டர் கையில் கொடுக்கும்போது, இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தால் அழமாட்டாள் என்று சொல்லிக்கொடுத்தாள். அவரும் அப்படியே சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனார். ஒன்றே முக்கால் மணி நேரம். அத்தை வராந்தா ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் இப்போது எல்லோருக்கும் எண்ணுகிற வியாதி பிடித்துவிட்டது. சின்ன டாக்டர் முகமூடியைக் கீழே இழுத்துக்கொண்டு வெளியே வந்து, அழகா வந்திருக்கு என்றார். அழகு எது என்று தையல் போட்ட அவர் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன், ஏனென்றால் முகம் வீங்கி, தையல் நூலும் மருந்துமாக எனக்கு ஒன்றும் புரியவில்லை. உன் மனைவி மட்டும் குனிந்து தையலைப் பார்த்தாள். தொழில் தெரிந்தவள் தொழில் தெரிந்தவளைப் பார்க்கிற பார்வை அது. "ஓரம் ஓரமா சரியா வச்சிருக்காங்க மாமா. கோடு வளையல" என்றாள்.

வீக்கம் இப்போது முழுதாக வடிந்துவிட்டது. மூக்கிலிருந்து உதடுவரை ரோஜா நிறத்தில் ஒரு கோடு இருக்கிறது. போகப்போக வெளுக்குமாம். எல்லோரும் கொண்டாடுகிறார்கள். ஆனால் மூன்றாம் நாள் அவள் தனியாக உட்கார்ந்து பழைய போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்றேன். அந்தச் சிரிப்பு பெருசா இருக்கும் மாமா, காது வரைக்கும் போகும், இனிமே அதப் பாக்க முடியாதுல்ல என்றாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நாங்கள் மூன்று மாதமும் அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் காலையில் எழுந்திருந்தோம். நீ பார்க்கவில்லை. அதற்கு யாரையும் சொல்லிப் பயனில்லை. அந்தப் போட்டோவில் ஒன்றை இதனோடு வைத்திருக்கிறேன். நேராக எடுத்தது, எந்தக் கன்னத்தையும் மறைக்காதது. எஞ்சின் ரூமில் ஒட்டினால் எண்ணெய் படும், உன் படுக்கைக்குப் பக்கத்தில் வை.

குழந்தை கையைக் கொண்டுபோய்த் தையலைப் பிய்த்துக்கொள்ளாமல் இருக்க, முழங்கை மடங்காதபடி இரண்டு கைக்கும் உறை போடுவார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்தது அட்டையால் ஆனது, விளிம்பு குத்தியது. இவள் ஒரே மத்தியானத்தில் மெல்லிய துணியில் பட்டை பட்டையாகப் பை தைத்து, உள்ளே தட்டைக் குச்சிகளைச் சொருகி, ஒரு ஜோடி செய்துவிட்டாள். சின்ன டாக்டர் அதைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னும் பத்து ஜோடி கிடைக்குமா என்று கேட்டார். இப்போது யூனிபார்ம் கடையில் மிச்சத் துணியெல்லாம் இதற்குத்தான் போகிறது. பட்டன் அக்கா ஒவ்வொரு உறையிலும் ஒரு பூ போட்டுக் கொடுக்கிறாள்.

இனி கொஞ்சம் என் பெருமையும். உன் அப்பா சொன்னதை ஆஸ்பத்திரியில் கேட்டார்கள் என்பது வருடத்தில் ஒருமுறைகூட நடக்கிற காரியமில்லை. பிரசவப் புத்தகத்தில் இப்போது புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள், 'அண்ணம் பார்த்தாயிற்று' என்று. நான் எண்ணிய தாளைப் பார்த்துத் தலைமை நர்ஸ் போட்ட உத்தரவு. பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஆரம்பித்த ஒன்பதாம் நாளே ஒரு குழந்தை பிடிபட்டது. உதடெல்லாம் சரியாக இருக்கிறது, அண்ணம் மட்டும் பிளந்திருக்கிறது. அந்தத் தாய் படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு யாரிடமும் பேசாமல் இருந்தாளாம். தலைமை நர்ஸ் கீழே வந்து என்னிடம், உங்கள் மருமகளைக் கொஞ்சம் வரச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அது ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பு.

அவள் போனாள், பொட்டலத்தையும் திண்டையும் தூக்கிக்கொண்டு. நான் பதிவேடு கொடுக்கிற சாக்கில் வார்டு வாசலில் நின்றேன். அவள் ஆறுதல் என்று ஒன்றும் சொல்லவில்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்து, திண்டைப் போட்டு, பொட்டலத்துக்கு ஊட்ட ஆரம்பித்தாள். அழுத்து, நிறுத்தம், அழுத்து. அந்தப் பெண் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தாள். பிறகு தன் குழந்தையைக் கேட்டாள். அவள் கையைப் பிடித்து இவள் பாட்டிலை அழுத்திக் காட்டினாள். கடைசியில் அந்தப் பெண் கேட்டது எனக்குக் கேட்டது: "நான் என்ன தப்புக்கா செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல. எழுநூறு பேருக்கு ஒருத்தருக்கு வரும். எனக்கு வந்துச்சு, உனக்கு வந்துச்சு. பால் ஆறுது பாரு, குடு" என்றாள் உன் மனைவி.

ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சொன்ன இந்தச் சொல்லைத்தான் நாம் மூன்று பேரும் ஐந்தாம் நாள் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லாததை அவளே தனக்குச் சொல்லிக்கொண்டு, மிச்சத்தை எடுத்து ஊருக்குக் கொடுக்கிறாள். அவளை நான் என் மருமகள் என்று வார்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய ஞாயிறு நீ கூப்பிட்டாய். நானும் அத்தையும் மாடிப்படிக்குப் போய்விட்டோம். லைன் கட்டாகிக் கட்டாகி நீ மூன்று முறை திரும்பக் கூப்பிட்டதை மணிச் சத்தத்தில் எண்ணிக்கொண்டோம். பேசி முடித்து அவள் முகம் கழுவிவிட்டு வந்தாள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள், கேட்டது தப்புன்னு சொன்னாரு மாமா, அப்புறம் எத்தனை மில்லி குடிக்குதுன்னு கேட்டாரு என்று. தொண்ணூறு மில்லி என்று சொன்னாளாம். அந்தத் தொண்ணூறை அவள் சொல்லிய விதம் இருக்கிறதே.

ஆனால் நேற்று வந்த உன் கடிதத்தில் வேறு ஒன்று இருக்கிறது. நான்கு மாதத்தில் ஒப்பந்தம் முடிகிறது, கம்பெனி இன்னும் ஆறு மாதம் நீட்டித்துக் கொடுக்கிறேன் என்கிறது, கையெழுத்துப் போடலாமா என்று என்னைக் கேட்டிருக்கிறாய். அவளிடம் கேட்காமல் என்னிடம் கேட்டிருக்கிறாய். நீ எதற்காக வீடு திரும்புவதைத் தள்ளிப்போடுகிறாய் என்று எனக்குத் தெரியாமலில்லை. அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப மடித்தவனும் நான்தானே.

அண்ணத்துக்கான ஆபரேஷன் இன்னும் ஆறு மாதத்தில், பத்தாம் மாதம். போன வாரம் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாவைப் பார்க்கச் சொன்னார்கள், போனோம். சிறிய அறை, தரையில் ஒரு பாய், சுவரில் ஒரு பெரிய கண்ணாடி, கிலுகிலுப்பைகள். அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். 'ம', 'ன' எல்லாம் காற்று மூக்கு வழியாகப் போகிற எழுத்துகளாம். அண்ணம் திறந்திருந்தாலும் அவை வந்துவிடும். அதனால் 'அம்மா' என்று இவள் எல்லாக் குழந்தைகளையும்போல் சொல்லிவிடுவாளாம். 'ப்ப' அப்படி இல்லை. அதற்கு வாய்க்குள் காற்று சேர வேண்டும், சேர்ந்து உதட்டைத் திறந்துகொண்டு வர வேண்டும். மேலே திறந்திருந்தால் காற்று நழுவி மூக்குக்குப் போய்விடும். அண்ணம் மூடிய பிறகு, கண்ணாடிமுன் உட்கார்த்தி, பொறுமையாகச் சொல்லிக் காட்ட வேண்டும். வரும், நிச்சயம் வரும், ஆனால் தானாக வராது, பக்கத்தில் ஆள் இருந்து வரவழைக்க வேண்டும் என்றார். 'தாத்தா'வும் அதே வரிசைதானாம். ஆகவே நானும் காத்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் மெதுவாக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அம்மா. அப்பா. ஐம்பத்தாறு வருடம் இந்த இரண்டு சொல்லையும் ஒரே மாதிரி சுலபம் என்று நினைத்திருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

அண்ணத்தை மூட டாக்டர் இருக்கிறார். சொல்லிக்கொடுக்க அந்த அம்மா இருக்கிறார். பால் கொடுத்து ஐந்து கிலோ ஆக்கியவள், மிச்சத்தையும் செய்துவிடுவாள். அந்த ஒரு சொல்லை மட்டும், அதற்கு உரியவன் எதிரே உட்கார்ந்திருந்தால்தான் குழந்தைக்கு யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியும்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. போட வேண்டியிருந்தால் முதலில் அவளைக் கேள்.

உன் உடம்புக்கு ஒன்றும் வராமல், உன் கப்பல் நல்லபடியாகக் கரை சேர்ந்து, நீ இந்த வாசலில் வந்து நிற்க வேண்டும். கதவைத் திறக்க நான் வரமாட்டேன், அவளை அனுப்புகிறேன்.

எப்போதும் உன்
அப்பா